வெள்ளச்சியை ஏன் குடுக்கல?



மூன்று நாளாக இதே கேள்விதான். கடையில் சாமான் வாங்கும்போதும் கேட்கிறார்கள், தராவீஹ் முடிந்து வரும் வழியிலும் கேட்கிறார்கள், வட்ஸ்அப்பிலும் கேட்கிறார்கள். "டீச்சர், அவ்வளவு காசு சொல்லியும் அந்த வெள்ளை ஆட்டைக் குடுக்கலையாமே, ஏன்?" ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதை விட இங்கே ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நோன்பு விடுமுறை, பாடசாலையும் இல்லை. பதிவு கொஞ்சம் நீளும். பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வளவில் மூன்று மறி நிற்கிறது. கறுப்பி, வெள்ளச்சி, கறுப்பியின் மகள் சின்னச்சி. அதோடு ஒன்றரை வயதில் இரண்டு கிடாய், போன இரண்டு கிழமைக்குள் பிறந்த மூன்று குட்டி. எட்டு உருப்படி. பெரிய பண்ணை ஒன்றும் கிடையாது. 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றோமே, அந்த வருடம்தான் கறுப்பியையும் வெள்ளச்சியையும் வாங்கினேன். மாதக் கடைசியில் சம்பளத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "இனி இது மட்டும் போதாது உம்மா" என்றேன். உம்மா வேறொன்றும் சொல்லவில்லை. "ரெண்டு மறி வாங்கித் தா, மிச்சத்த நான் பாத்துக்கிறன்" என்றா.

இப்போது உம்மாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் வெண்படலம். பெருநாள் கழிந்து ஒப்பரேஷன். அதற்கு லென்ஸ் வாங்க வேண்டும், போக்குவரத்து இருக்கிறது, கையில் கொஞ்சம் காசு வேண்டும். சம்பளத்தில் ஏற்கெனவே வங்கிக் கடன் வெட்டுகிறார்கள். இந்த நேரத்தில்தான் போன வெள்ளிக்கிழமை ஆட்டு வியாபாரி ஒருவர் படலையில் வந்து நின்றார். பெருநாள் கிட்டுகிறது, இறைச்சிக்கு ஆடு தேடித் திரிகிறார்கள். அவர் கண் நேரே வெள்ளச்சியில்தான் போனது. நல்ல உயரமான ஆடு, வயிறும் தள்ளி நிற்கிறது. அவர் சொன்ன தொகை என்னுடைய ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட.

"சினை ஆடு" என்றேன்.

"அதுக்கென்ன டீச்சர், வாங்கிறவன் பாத்துக்குவான். ஆட்டை நாய் கடிக்கும், காசை நாய் கடிக்காது" என்று சிரித்தார்.

நல்ல மனிதர்தான், குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் தொழிலை அவர் செய்கிறார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆட்டை நாய் கடிக்கும். கழிச்சல் வரும். ஈனும்போது தாயும் போகலாம், குட்டியும் போகலாம். அப்படியிருந்தும் ஏன் குடுக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். ஆட்டுக்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மறிக்கும் ஒரு பக்கம். கிடாய்க்கு விட்ட திகதி, திரும்பக் கத்தியதா இல்லையா, பூச்சி மருந்து குடுத்த திகதி, ஈன்ற திகதி, எத்தனை குட்டி, அதில் எத்தனை தப்பியது. இவ்வளவுதான். இதற்கு ஐந்து நிமிடம் போகாது. ஆனால் இது இல்லாமல் ஆடு வளர்ப்பது வரவுப் பதிவேடு இல்லாமல் வகுப்பு நடத்துவது போல.

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஐந்து நாள் முன்பின் ஆகலாம். மறி ஒன்று கிடாய் தேடிக் கத்துவது பொதுவாக 21 நாளுக்கு ஒரு முறை, ஒன்றிரண்டு நாள்தான் அந்தக் கத்தல் இருக்கும். வெள்ளச்சியைக் கிடாய்க்கு விட்டது ஒக்டோபர் 12. நவம்பர் 2 அளவில் திரும்பக் கத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கத்தவில்லை. அப்போதே கொப்பியில் மார்ச் 11 என்று எழுதிவிட்டேன்.

ஏன் ஒக்டோபர் என்று கேட்பீர்கள். நம்ம பக்கம் மழை எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். கார்த்திகை, மார்கழி, தை. ஆடி மாதம் கிடாய்க்கு விட்டால் ஐந்து மாதம் கழித்துக் குட்டி சரியாக மார்கழி அடைமழைக்குள் விழும். நனைந்த குட்டிக்குக் குளிர் ஏறும், சளி பிடிக்கும், இரண்டு நாளில் போய்விடும். வீட்டுக்கு வீடு மழைக்காலத்தில் குட்டி சாவதற்கு ஒரு பெரிய காரணம் இது. ஒக்டோபரில் விட்டால் குட்டி மாசி, பங்குனியில் வரும். மழை ஓய்ந்திருக்கும். வட்டையில் பெரும்போக அறுவடை நடக்கும். காய்ந்த வைக்கோல் கிடைக்கும். அறுத்த வயலில் தாய் ஆடு மேயவும் புல் இருக்கும். உம்மாவுக்கு இந்தக் கணக்கு கொப்பி இல்லாமலே தெரியும். "மழைக்குப் பொறக்கிற குட்டி மழையோட போயிடும்" என்பா.

எங்களிடம் பொலிகிடாய் இல்லை. பக்கத்து வளவு மாமாவுடைய ஜமுனாபாரிக் கலப்புக் கிடாயிடம்தான் விடுவோம். இந்தியாவின் உத்தரப் பிரதேசத்து இனம் அது. நீளக் காது, வளைந்த மூக்கு, நல்ல உயரம். நம் வளவிலேயே பிறந்த கிடாயை அதன் தாயோடும் சகோதரியோடும் விடக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. கிடாய்க்குட்டிகளை மூன்று மாதத்துக்கு மேல் மறிகளோடு சேர்த்து அடைப்பதும் இல்லை. அந்த வயதிலேயே அவை வேலையைக் காட்டத் தொடங்கிவிடும்.

மூன்று மறியில் முதலில் ஈன்றது கறுப்பி. செப்டம்பர் 28இல் விட்டது, பெப்ரவரி 26இல் ஈன்றது. 151 நாள். அனுபவப்பட்ட தாய். இஷாவுக்குப் பிறகு ஒதுங்கிப் போய் நின்றது, நிலத்தைக் காலால் கிண்டியது, ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு குட்டி. நான் செய்தது தொப்புள் கொடியில் டிங்சர் அயடீன் வைத்ததும், குட்டிகள் மடியைப் பிடிக்கிறதா என்று பார்த்ததும் மட்டும்தான்.

சின்னச்சிக்கு இது தலைச்சன். கணக்குப்படி மார்ச் 4. மார்ச் 2 இரவு உம்மா கொட்டிலுக்குப் போய் அதன் வால் அடியைத் தடவிப் பார்த்தா. வாலின் இரண்டு பக்கமும் பென்சில் போல ஒரு நரம்பு கையில் தட்டுப்படும். ஈனுவதற்கு ஒரு நாள் இருக்கும்போது அது இளகிக் காணாமல் போகும். கண் தெரியாவிட்டாலும் உம்மாவின் விரலுக்கு அது தெரியும். "நரம்பு விட்டுட்டு புள்ள. விடியிறதுக்குள்ள வரும்" என்றா.

பரண் கொட்டிலின் பலகை இடைவெளியில் குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் என்பதால் சின்னச்சியைக் கீழே இறக்கி, ஒரு மூலையில் வைக்கோல் பரப்பி விட்டோம். சஹருக்கு எழும்பியபோது அது முக்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர்க்குடம் உடைந்து அரை மணி நேரம் தாண்டியும் ஒன்றும் முன்னுக்கு வரவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு காலும் மூக்கும் தெரிந்தது. மற்றக் கால் இல்லை. ஒழுங்காக வரும் குட்டி, தண்ணீரில் பாயும் பிள்ளை போல இரண்டு முன்னங்காலையும் நீட்டி அதன்மேல் தலையை வைத்துத்தான் வரும். ஒரு கால் பின்னுக்கு மடங்கியிருந்தால் தோள் மாட்டிக்கொள்ளும்.

கால்நடை வைத்தியருக்குப் போன் எடுத்தேன். அந்த நேரத்திலும் எடுத்தார், அல்லாஹ் அவருக்கு நல்லருள் செய்யட்டும். பக்கத்து ஊரில் ஒரு மாட்டோடு நின்றார், வர ஒரு மணி நேரமாகும். அதுவரை என்ன செய்வது என்று போனிலேயே சொன்னார். நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னார். ஆடு முக்காத நேரம் பார்த்துக் குட்டியை மெல்ல உள்ளே தள்ளி, மடங்கிய முழங்காலைத் தேடிப் பிடித்து, குளம்பை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு முன்னால் கொண்டுவரச் சொன்னார். குளம்பைப் பொத்தாவிட்டால் உள்ளே கிழித்துவிடும். பிறகு அது முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி இழுக்க வேண்டும்.

சின்னச்சியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உம்மா பிஸ்மி சொல்லித் தடவிக்கொண்டே இருந்தா. "அவசரப்படாத மகள். அதுட மூச்சுக்கு உன்ட கைய விடு." பள்ளியில் சஹர் முடிய இன்னும் இருபது நிமிடம் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் குளம்பு என் கைக்குள் வந்தது.

ஒரே குட்டி, பெரிய கிடாய்க்குட்டி. மூச்சு இல்லை. மூக்கையும் வாயையும் துடைத்து, வைக்கோல் நுனியை மூக்குக்குள் விட்டுக் கிண்டி, சாக்கால் விலாவைத் தேய்த்தோம். ஒரு தும்மல் வந்தது. அதற்குப் பிறகு கத்தியது. அல்ஹம்துலில்லாஹ். அன்றைக்குச் சஹருக்கு எனக்குக் கிடைத்தது ஒரு கிளாஸ் தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமும்தான்.

கஷ்டம் அதோடு முடியவில்லை. சின்னச்சி குட்டியைக் கிட்ட எடுக்கவில்லை, முட்டித் தள்ளியது. தலைச்சனில் சில மறி அப்படித்தான். அதற்காக விட்டுவிட முடியாது. ஆட்டுக்குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி அதற்குப் போய்ச் சேராது. அது முழுக்க முதல் பாலில், நாம் கடும்புப் பால் என்கிறோமே, அதில்தான் இருக்கிறது. பிறந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குடிப்பது ஆகச் சிறந்தது. ஒரு நாள் கழிந்தால் குட்டியின் குடல் அந்தச் சக்தியை எடுத்துக்கொள்ளாது. கடும்புப் பாலைக் கறந்து கொட்டிவிடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். குட்டிக்கு அதுதான் தடுப்பூசி.

உம்மா சின்னச்சியைச் சுவரோடு அணைத்துப் பிடிக்க, நான் குட்டியின் வாயில் காம்பை வைத்தேன். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவும் பகலுமாக நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை போய்ப் பார்க்கிறேன், குட்டி வாலை ஆட்டிக்கொண்டு தானாகக் குடிக்கிறது, தாய் அதன் முதுகை நக்கிக்கொண்டு நிற்கிறது.

வியாபாரி வந்தது இந்த நான்கு நாளுக்குள் ஒரு நாள். நித்திரை இல்லை, இடுப்பு நோவு, உம்மாவின் ஒப்பரேஷன் யோசனை. உண்மையைச் சொன்னால், "கொண்டு போங்க" என்ற வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. இன்னொரு பிரசவம் பார்க்கத் தெம்பு இல்லை. கொட்டிலுக்குள் குந்தியிருந்த உம்மா உள்ளே இருந்தே கேட்டா: "எதைக் கேக்கிறார்?" வெள்ளச்சியை என்றேன். "என்ட கண்ணுக்காகத் தாய விக்கிறதெண்டா எனக்குக் கண் வேணாம். ரெண்டு கிடாயையும் காட்டு" என்றா.

உம்மா இப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம்மில் முப்பது தாண்டியவர்களுக்கு 2004 டிசம்பர் 26ஐப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீடு அப்போது கடற்கரைப் பக்கம். உம்மாவின் ஐந்து ஆடு வீட்டோடு போனது. வாப்பாவின் கரைவலைத் தொழிலும் போனது. மிஞ்சியது, பிரதான வீதிக்கு மேற்கே மூத்தம்மா வீட்டில் கட்டியிருந்த இரண்டு மறி. இரண்டும் சினை. கூடாரத்தில் இருந்த அந்த மாதங்களில் அந்த இரண்டையும் விலைக்குக் கேட்டு வந்தவர்கள் உண்டு. காசு இல்லாத காலம், வாப்பாவுக்கும் குடுத்துவிடலாம் என்ற எண்ணம். உம்மா அசையவில்லை.

அந்த இரண்டு மறியிலிருந்துதான் பட்டி திரும்பப் பெருகியது. நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் தவணைக்கு ஒரு கிடாய் போகும். விடுதிச் செலவு, புத்தகம், கற்பித்தல் பயிற்சிக்குக் கட்டிப்போக இரண்டு சேலை, எல்லாம் அதில்தான். ஒரு தடவையேனும் மறி போனதில்லை. நம்ம ஊர்ப் பக்கம் மாடு வாப்பாமாரின் சொத்து, ஆடு உம்மாமாரின் சொத்து. வங்கிப் புத்தகம் இல்லாத எத்தனை உம்மாமார் கிடாயை விற்றுப் பிள்ளை படிப்பித்திருக்கிறார்கள் என்று உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

நான் கணிதத்தில் சொல்கிறேன். விடுமுறைக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஒரு கணக்காகவே குடுத்தேன். நல்ல தீன் கிடைத்தால் ஒரு மறி இரண்டு வருடத்தில் மூன்று முறை ஈனலாம். ஈற்றுக்கு இரண்டு என்றால் ஆறு குட்டி. "எல்லாம் தப்புமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. இரண்டைக் கழியுங்கள் என்றேன். நான்கு. அதில் இரண்டு கிடாய், இரண்டு மறி என்று வைப்போம். தவிடு, புண்ணாக்கு, மருந்துச் செலவைக் கழியுங்கள். வேலியில் கிளிசிரிடியா, வளவில் பலாவும் அகத்தியும், வட்டையில் வைக்கோல் இருக்கிற வீட்டுக்கு அந்தச் செலவு பெரிதாக வராது. இரண்டு வருட முடிவில் தாய் நிற்கிறது, விற்க இரண்டு கிடாய் நிற்கிறது, தாயாகப் போகும் இரண்டு மறி நிற்கிறது. இன்றைக்கு விற்றால் ஒரு மாதச் சம்பளம் ஒரே தடவை வரும், பிறகு கொட்டில் வெறும் கொட்டில். காசை நாய் கடிக்காதுதான். ஆனால் காசு குட்டி போடுவதுமில்லை.

கிடாய் விற்பதிலும் அவசரப்பட வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குத்தான் நல்ல விலை. ஆனால் நம் ஷாபிஈ மத்ஹபில் உழ்ஹிய்யாவுக்கு வெள்ளாடு இரண்டு வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். இந்த நோன்பில் பிறந்த சின்னச்சியின் மகன் வருகிற ஹஜ்ஜுக்கும் ஆகாது, அடுத்ததற்கும் ஆகாது. மூன்றாவதற்குத்தான். திகதி எழுதி வைத்தால் வாங்க வருகிறவருக்கும் வயதைத் தைரியமாகச் சொல்லலாம்.

என்ன நடந்தது என்று முடித்துவிடுகிறேன். இரண்டு கிடாயையும் அந்த வியாபாரியே பெருநாளுக்கு எடுத்துக்கொண்டார். வெள்ளச்சிக்குச் சொன்ன அளவு வரவில்லை. ஆனால் லென்ஸுக்குக் காணும். மிச்சத்துக்குத் தம்பி இருக்கிறான்.

இன்று மார்ச் 9. வெள்ளச்சிக்கு 148 நாள். மடி இறங்கிவிட்டது, காம்பு பளபளக்கிறது. இரட்டைதான் என்கிறா உம்மா. குட்டிகள் பெருமளவு வளர்வது இந்தக் கடைசி ஆறு கிழமையில்தான். வயிற்றில் அவை இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஆடு ஒரே தடவையில் நிறையத் தின்னாது. அதனால் குழையையும் தவிட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக நான்கு நேரம் வைக்கிறோம். இந்த நாட்களில் சினை ஆடு தீனைத் தொடாமல் தலை தொங்கிப் படுத்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள். இரட்டை சுமக்கும் ஆட்டுக்கு உடம்பில் சத்துக் குறைந்து வரும் நோயின் அறிகுறியாக அது இருக்கலாம். ஈன்ற பிறகும் இளங்கொடி அரை நாளுக்குள் விழவில்லை என்றால் இழுக்க வேண்டாம், அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஒரு மூலையில் புது வைக்கோல் போட்டாயிற்று. அயடீன் போத்தல், சவர்க்காரம், சுத்தமான சீலை, டோர்ச், வைத்தியரின் இலக்கம் எல்லாம் ஒரு வாளிக்குள். நாய் நுழையாதபடி படலையின் அடிப்பக்கத்துக்குத் தகரம் அடித்திருக்கிறேன். பகலில் காகத்துக்கும் ஒரு கண் வேண்டும். இனி இரவில் இரண்டு தடவை நான் எழும்பிப் பார்ப்பேன், ஒரு தடவை உம்மா தடவிப் பார்ப்பா.

உங்கள் வீட்டில் சினை மறி நின்றால் திகதியை எழுதி வையுங்கள், பெருநாள் விலைக்கு மயங்கி அதைக் குடுத்துவிடாதீர்கள். காசு முட்டு வந்தால் கிடாயை விற்கலாம், பக்கத்தில் கைமாற்றாகக் கேட்கலாம். திகதி கணக்கிடத் தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

குட்டி வந்ததும் படம் போடுகிறேன், இன்ஷா அல்லாஹ். வெள்ளச்சிக்கும் உம்மாவின் கண்ணுக்கும் சேர்த்துத் துஆச் செய்யுங்கள்.